குதிகாலில் ஒரு துளி ரத்தம்

சர்க்கரை சேர்க்காத கோலா டின்னையோ, 'சுகர் ஃப்ரீ' இனிப்பு மாத்திரை டப்பாவையோ திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் ஒரு எச்சரிக்கை தென்படும். ஃபீனைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று இருக்கும். பெரும்பாலானோர் அதைப் படிப்பதில்லை. படித்தாலும் வாயில் நுழையாத ஏதோ ரசாயனப் பெயர் என்று விட்டுவிடுவார்கள்.

அது ரசாயனத்தின் பெயர் அல்ல, ஒரு நோயின் பெயர். மேற்கு நாடுகளில் 10,000 முதல் 15,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரும் அரிய மரபணுக் கோளாறு. சுருக்கமாக பி.கே.யு. என்பார்கள். கவனிக்காமல் விட்டால், நல்லபடியாகப் பிறந்த குழந்தையின் மூளை மாதக்கணக்கில் சிதைந்துபோகும். பிறந்த முதல் சில நாள்களில் கண்டுபிடித்து, சாப்பாட்டை மட்டும் மாற்றினால், அதே குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலப் பள்ளிக்கூடம் போகும், கல்லூரி முடிக்கும், வேலைக்குப் போகும். மரபணுவில் எழுதிய விதியை அடுப்படியில் மாற்ற முடியும் என்று மருத்துவ உலகம் முதன்முதலில் தெரிந்துகொண்டது இந்த நோயில்தான்.

அதைத் தெரிந்துகொள்ள வைத்தவர்களில் டாக்டர்களுக்கு இணையாக, டாக்டர்களை விடாமல் துரத்திய அம்மாக்களுக்கும் பங்கு உண்டு.

பச்சையாக மாறிய சோதனைக் குழாய்

1930-களின் தொடக்கம், நார்வே நாடு. போர்க்னி ஈகலண்ட் என்ற பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பெண், அடுத்தவன் பையன். பிறந்தபோது இருவருமே கொழுகொழுவென்று இருந்தார்கள். நாளாக ஆக, பெண்ணுக்குப் பேச்சு வரவில்லை. ஆறு வயதைத் தாண்டியும் சில வார்த்தைகள்தான். பையன் நிலை இன்னும் மோசம். நடக்கவில்லை, பேசவில்லை, அம்மாவின் முகத்தை நிலையாகப் பார்க்கவில்லை.

இன்னொரு விஷயமும் அம்மாவை உறுத்தியது. எத்தனை முறை குளிப்பாட்டினாலும் பிள்ளைகள் மேல் ஒருவித வாடை. பூசணம் பிடித்த மூலையில் எலி ஓடின மாதிரி. அவர் பார்த்த டாக்டர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'குழந்தை மந்தம், ஒன்றும் செய்வதற்கில்லை' என்பதுதான் அந்தக் காலத்தில் கிடைத்த பதில். பிள்ளை வளர்ந்த பெண்களுக்குத் தெரியும், குழந்தையின் வாசனை மாறினால் முதலில் கண்டுபிடிக்கிறவள் அம்மா. அதை ஒரு நோய்க்குறியாக எடுத்துக்கொள்ள ஆள் வேண்டுமே!

1934-ல் அப்படி ஒருவர் கிடைத்தார். டாக்டர் ஆஸ்பியோர்ன் ஃபோலிங். மருத்துவம் படிப்பதற்கு முன்பே வேதியியல் படித்தவர். பிள்ளைகளின் சிறுநீரைக் கொண்டுவரச் சொன்னார். அதில் ஃபெர்ரிக் குளோரைடு என்ற ரசாயனத்தின் சில சொட்டுகளை விட்டார். சர்க்கரை நோயாளிகளிடம் செய்கிற வழக்கமான சோதனை அது. கீட்டோன் இருந்தால் நீர் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறும், இல்லாவிட்டால் பழுப்பாக நிற்கும். இரண்டும் நடக்கவில்லை. சோதனைக் குழாய் அடர்ந்த பச்சையாக மாறியது.

ஃபோலிங் அவசரப்படவில்லை. குழந்தைகளுக்குக் கொடுத்துவந்த மருந்து, டானிக் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மறுபடி கொண்டுவரச் சொன்னார். மறுபடியும் பச்சை. அந்த அம்மா அதன்பிறகு லிட்டர் கணக்கில் சிறுநீரைச் சேகரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். வாரக்கணக்கில் அதைச் சுத்திகரித்து, அதில் இருப்பது ஃபீனைல்பைருவிக் அமிலம் என்று ஃபோலிங் கண்டுபிடித்தார். பிறகு மனவளர்ச்சி குன்றியவர்கள் இல்லங்களில் இருந்த 430 பேரின் சிறுநீரைச் சோதித்தார். அதில் எட்டுப் பேருக்கு அதே பச்சை. ஒரு தனிப்பட்ட குடும்பத்தின் துரதிர்ஷ்டமாகத் தோன்றியது, பெயர் வைக்கக்கூடிய ஒரு நோயாக மாறியது அன்றுதான்.

ஈகலண்ட் குடும்பத்துக்கு அதனால் பலன் இல்லை. காரணம் தெரிந்ததே தவிர மருந்து தெரியவில்லை. பையன் சிறு வயதிலேயே இறந்துபோனான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

பருப்பு, பால், முட்டை, மீன் என்று புரதம் உள்ள எதைச் சாப்பிட்டாலும் அதில் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கும். உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கல்லீரலில் டைரோசின் என்ற இன்னொரு பொருளாக மாற்றிவிடும். மாற்றுவதற்கு ஒரு நொதி வேண்டும். அந்த நொதிக்கான மரபணு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதாக வந்துவிட்டால், மாற்றும் வேலை நின்றுவிடும். சாதாரணமாக ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஒன்று, இரண்டு மில்லிகிராம் அளவில் இருக்கவேண்டிய ஃபீனைல்அலனின் 20 மில்லிகிராமுக்கு மேல் ஏறி நிற்கும்.

அது மூளைக்குள் நுழையும் வாசலில் கூட்டமாக நின்றுகொண்டு, மற்ற அமினோ அமிலங்களை உள்ளே விடாது. டவுன் பஸ் படிக்கட்டில் தொங்குகிறவர்களால் உள்ளே இடமிருந்தும் மற்றவர்கள் ஏற முடியாமல் நிற்பதைப் போல. டோபமைன், செரோடோனின் போன்றவற்றைத் தயாரிக்கத் தேவையான பொருள்கள் மூளைக்குக் கிடைக்காது. வளர்கிற மூளை நரம்புகளுக்கு மேலுறை போடும் வேலையும் கெட்டுப்போகும்.

கர்ப்பத்தில் இருக்கும்வரை அம்மாவின் கல்லீரல் குழந்தைக்கும் சேர்த்து வேலை பார்க்கிறது. அதனால்தான் பி.கே.யு. குழந்தைகள் எந்தக் குறையும் தெரியாமல் பிறக்கிறார்கள். தாய்ப்பால் குடிக்கத் தொடங்கியதும் அளவு ஏறுகிறது. முதல் இரண்டு, மூன்று மாதம் யாருக்கும் சந்தேகம் வராது. கொஞ்சம் வாந்தி, தோலில் கரப்பான், ஓயாத அழுகை. 'எல்லாக் குழந்தைக்கும் இருக்கிறதுதானே' என்று பாட்டிமார் சொல்வார்கள். ஆறு மாதத்தில் உட்கார வேண்டிய குழந்தை உட்காராதபோது கவலை வரும். அதற்குள் இழக்கக்கூடாத பலவற்றை மூளை இழந்திருக்கும்.

பர்மிங்ஹாமில் ஒரு தாய்

அடுத்த அத்தியாயம் இங்கிலாந்தில். 1951. பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனையில் ஹார்ஸ்ட் பிக்கல் என்ற இளம் ஜெர்மானிய டாக்டர் ஒரு சிறுமிக்கு பி.கே.யு. இருப்பதை உறுதிசெய்தார். சிறுமியின் பெயர் ஷீலா. கிட்டத்தட்ட இரண்டு வயது. நிற்கத் தெரியாது, பேசத் தெரியாது. சாப்பாட்டிலோ சுற்றி நடப்பதிலோ கவனம் இல்லை. முனகுவது, அழுவது, தலையைக் கொண்டுபோய் மோதிக்கொள்வது, இவ்வளவுதான் அவளது நாள்.

நோயின் பெயரைச் சொன்னதும் பிக்கலின் வேலை முடிந்துவிட்டது. ஷீலாவின் அம்மா அப்படி நினைக்கவில்லை. காலையில் பிக்கல் வரும்போது ஆய்வுக்கூட வாசலில் நிற்பார். என் பெண்ணுக்கு ஏதாவது கண்டுபிடித்தீர்களா என்று கேட்பார். ஒன்றுமில்லை என்றால் போய்விடுவார், திரும்ப வந்து நிற்பார். பெயர் தெரிந்த நோய்க்கு மருந்தில்லை என்பதை அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. அந்தத் தொந்தரவு தாங்காமல்தான் வேலையில் இறங்கியதாகப் பிற்காலத்தில் பிக்கலே நினைவுகூர்ந்திருக்கிறார்.

லண்டனில் லூயி உல்ஃப் என்ற வேதியியலாளரிடம் ஒரு யோசனை இருந்தது. பால் புரதத்தை அமிலத்தால் உடைத்து, கரித்தூள் வழியாக வடிகட்டினால் ஃபீனைல்அலனின் கரியில் தங்கிவிடும். மிச்சத்தை உணவாகக் கொடுக்கலாம். பிக்கல், ஜான் ஜெரார்டு, ஈவ்லின் ஹிக்மன்ஸ் மூவரும் அதை ஆய்வுக்கூடத்தின் குளிர் அறையில் தாங்களே தயாரித்தார்கள். வாயில் வைக்க முடியாத ருசி. ஷீலா அதைக் குடித்தாள்.

முதலில் ஒரு தப்பு நடந்தது. ஃபீனைல்அலனினை அடியோடு நிறுத்தியதால் குழந்தை மெலியத் தொடங்கினாள். உடம்பு வளர அதுவும் கொஞ்சம் வேண்டும். அளந்து கொஞ்சம் பால் சேர்த்த பிறகு சரியானது. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து என்ற இந்தக் கணக்கைத்தான் இன்றைக்கும் பி.கே.யு. குழந்தைகளின் பெற்றோர் தினமும் தராசு வைத்துப் போடுகிறார்கள்.

சில மாதங்களில் ஷீலா தவழ்ந்தாள். பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் ஒரு தெளிவு வந்தது. வெளிறிக்கிடந்த தலைமுடி கறுத்தது, ஏனென்றால் முடிக்கும் தோலுக்கும் நிறம் கொடுக்கும் மெலனின் தயாராவதும் டைரோசினிலிருந்துதான். அழுகை நின்றது. தலையை மோதுவதும் நின்றது.

இந்த இடத்தில் ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். முன்னேற்றம் உணவால்தான் வந்தது என்று நிரூபிக்க, அம்மாவுக்குத் தெரியாமல், ஷீலாவின் கலவையில் ஃபீனைல்அலனினைத் திரும்பக் கலந்தார்கள். சில நாள்களுக்குள் குழந்தை மறுபடி அழுதாள், தலையை மோதினாள், நிற்க முடியாமல் விழுந்தாள். மாதக்கணக்கில் சேர்த்ததெல்லாம் கைவிட்டுப் போவதைப் பார்த்த தாயின் மனநிலையை யாரும் குறித்துவைக்கவில்லை. இன்றைக்கு எந்த மருத்துவமனையும் இப்படிச் செய்ய அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஆனால், 1953-ல் 'லான்செட்' இதழில் வெளியான அந்தக் கட்டுரையை உலகம் நம்பியதற்கு அந்தச் சோதனையும் ஒரு காரணம். பிள்ளையின் நடத்தை அவளது பிடிவாதமோ வளர்ப்புக் கோளாறோ அல்ல, ரத்தத்தில் ஏறி இறங்கும் ஓர் அளவு என்பது அதில் கண்ணுக்குத் தெரிந்தது.

ஷீலா முழுதாகத் தேறவில்லை. இரண்டு வயதுவரை நடந்த சேதத்தை உணவால் திருப்பித் தர முடியவில்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் உதவியில்தான் இருந்தாள். அவளுக்குத் தாமதமாகக் கிடைத்தது, அவளால் மற்றக் குழந்தைகளுக்குச் சீக்கிரம் கிடைத்தது.

நோபல் பெற்றவர் வீட்டில்

'தி குட் எர்த்' நாவலுக்காகக் கொண்டாடப்பட்டு, 1938-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற பேர்ல் பக்கின் மகள் கரோலும் பி.கே.யு. குழந்தைதான். 1920-ல் சீனாவில் பிறந்தவள். பிறந்தபோது அழகான குழந்தை. கைக்குழந்தையிலேயே தோலில் கரப்பான். மூன்று வயதாகியும் பேச்சு வராதபோதுதான் அம்மாவுக்கு உறைத்தது. அமெரிக்காவுக்குக் கூட்டிப்போய் ஊர் ஊராக மருத்துவமனை ஏறினார். 'இவள் ஒருபோதும் மற்றவர்களைப் போல ஆகமாட்டாள், வீணாக அலையாதீர்கள்' என்று ஒரு டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னதை, பிற்காலத்தில் நன்றியோடு எழுதினார் பேர்ல் பக்.

1929-ல், நியூஜெர்சியில் உள்ள வைன்லேண்ட் பள்ளியில் மகளை விட்டார். அந்தச் செலவுக்குப் பணம் வேண்டும் என்பது அவர் எழுத்தை ஒரு தொழிலாகவே எடுத்துக்கொள்ள முக்கியக் காரணம். 1950-ல் மகளைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருப்பதை விருந்தாளிகளிடம் மறைக்கிற காலம் அது. புகழ்பெற்ற ஒரு பெண்மணி எழுதியதும் ஆயிரக்கணக்கான பெற்றோர் அவருக்குக் கடிதம் போட்டார்கள்.

கரோலுக்கு இருந்தது என்ன நோய் என்பது, அவள் நாற்பது வயதைத் தொட்ட பிறகுதான் தெரியவந்தது. பேசத் தெரியாவிட்டாலும் சங்கீதம் கேட்டால் அவள் முகம் மாறும், எது பிடித்த இசை, எது பிடிக்காதது என்று தெளிவாகக் காட்டுவாள் என்று அம்மா எழுதியிருக்கிறார். 1992-ல் கரோல் இறந்தாள்.

காகிதத்தில் காய்ந்த துளி

மருந்து கையில் இருக்கிறது. ஆனால் நோய் இருப்பது தெரியும்போது குழந்தைக்கு ஒரு வயது ஆகிவிடுகிறது. 1950-களின் கடைசியில் இதுதான் பிரச்னை. குழந்தையின் ஈரத் துணியில் ஃபெர்ரிக் குளோரைடு விட்டுப் பார்க்கும் முறை வந்தது. பச்சை நிறம் வர சில வாரங்கள் ஆகவேண்டும். அதற்குள் தாயும் சேயும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

தீர்வு கொண்டுவந்தவர் ராபர்ட் கத்ரி. அமெரிக்காவின் பஃபலோ நகரில் நுண்ணுயிரியல் ஆராய்ச்சியாளர். அவருடைய மகனுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு, காரணம் வேறு. உறவுக் குழந்தை ஒன்றுக்கு 15 மாதம் கழித்து பி.கே.யு. என்று தெரிந்தது. முதல் வாரத்தில் தெரிந்திருந்தால் என்ற கேள்வி அவரை விடவில்லை.

அவர் செய்த சோதனை எளிமையின் உச்சம். பிறந்த குழந்தையின் குதிகாலில் சின்னதாக ஒரு குத்து. வரும் ரத்தத்தை வடிகட்டும் காகிதத்தில் ஒற்றிக் காயவிட வேண்டும். காய்ந்த பொட்டிலிருந்து ஒரு வட்டத் துண்டை வெட்டி, பாக்டீரியா வளரும் தட்டில் வைக்க வேண்டும். அந்தத் தட்டில் பாக்டீரியாவை வளரவிடாமல் தடுக்கும் பொருள் கலந்திருக்கும். ரத்தத்தில் ஃபீனைல்அலனின் அதிகமாக இருந்தால் மட்டும் தடையை மீறிப் பாக்டீரியா வளர்ந்து, பொட்டைச் சுற்றி வெண்மையாக ஒரு வளையம் போடும். வளையம் பெரிதாக இருந்தால் அளவு அதிகம். காய்ந்த காகிதம் என்பதால் தபாலில் போடலாம். மலைக்கிராமத்தில் பிறந்த குழந்தையின் ரத்தமும் நகரத்து ஆய்வுக்கூடத்துக்கு உறையில் வந்து சேரும்.

1963-ல் கத்ரியின் கட்டுரை வெளியானது. அதே ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தச் சோதனையைச் சட்டமாக்கியது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. கத்ரி இதிலிருந்து சொந்தமாகப் பணம் எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் ஊராகப் போய்ச் சோதனையைக் கற்றுக்கொடுத்தார். இன்றைக்கு பாக்டீரியா தட்டுக்குப் பதில் நவீன இயந்திரம் வந்துவிட்டது, ஒரே பொட்டில் பல டஜன் நோய்களைப் பார்க்கலாம். காகிதமும் குதிகாலும் மட்டும் மாறவில்லை.

'சூரியனைக் காட்டினால் ராத்திரி என்று சொல்லு'

சீக்கிரம் கண்டுபிடித்து, உணவும் கொடுத்து, பிள்ளை நன்றாகப் படிக்கிறது. கதை அங்கே முடிந்தது என்றுதான் டாக்டர்கள் நினைத்தார்கள். மூளை வளர்ச்சி முடிந்துவிடும் என்று நம்பி, பள்ளிப் பருவத்தில் உணவுக் கட்டுப்பாட்டையும் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்திய பிள்ளைகளில் பலருக்கு மதிப்பெண்ணும் கவனமும் சரிந்தன.

கட்டுப்பாட்டில் இருந்த பிள்ளைகளிடமும் ஏதோ ஒன்று இடறியது. கெட்டிக்காரப் பிள்ளைதான், ஆனால் தொடங்கியதை முடிக்காது. மூன்று வேலை சொன்னால் முதலாவதில் நின்றுவிடும். 'மனசு வைத்தால் செய்வான், சோம்பேறி' என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். ரத்தத்தில் ஃபீனைல்அலனின் 6-லிருந்து 10 மில்லிகிராம்வரை இருந்தால் பாதுகாப்பானது என்பது அன்றைய மருத்துவர்களின் கணக்கு.

அடெல் டயமண்ட் என்ற நரம்பியல் ஆய்வாளர் அந்தக் கணக்கைக் கேள்வி கேட்டார். மூளையின் முன்பகுதியில் டோபமைனைக் கையாளும் நரம்புகள் மிக வேகமாக வேலை செய்பவை, மூலப்பொருள் கொஞ்சம் குறைந்தாலும் முதலில் தடுமாறுவது அவைதான் என்பது அவருடைய ஊகம். குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து விளையாட்டு மாதிரியான சோதனைகள் வைத்தார். ஒன்றில் இரண்டு வகை அட்டைகள். சூரியன் படம் வந்தால் 'ராத்திரி' என்று சொல்ல வேண்டும், நிலா வந்தால் 'பகல்' என்று சொல்ல வேண்டும். விதியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், நாக்கு நுனியில் வரும் பதிலை அடக்கவும் வேண்டும். வீட்டில் நான்கு வயதுக் குழந்தையிடம் விளையாடிப் பார்த்தால் தெரியும், அது எவ்வளவு கஷ்டம் என்று.

அளவு 6-க்கு மேல் இருந்த பி.கே.யு. குழந்தைகள் இத்தகைய சோதனைகளில் பின்தங்கினார்கள். மூளையின் மற்றப் பகுதிகள் சம்பந்தப்பட்ட சோதனைகளில் எந்தக் குறையும் இல்லை. அளவைக் குறைவாக வைத்திருந்த குழந்தைகள் எல்லாவற்றிலும் நன்றாகச் செய்தார்கள். 1997-ல் இந்த ஆய்வு முழுமையாக வெளியானது. பாதுகாப்பு எல்லை கீழே இறங்கியது. இப்போது பன்னிரண்டு வயதுவரை 2-லிருந்து 6-க்குள் வைக்கச் சொல்கிறார்கள். உணவுக் கட்டுப்பாடு சில ஆண்டுகளுக்கு அல்ல, ஆயுளுக்கும் என்பதும் உறுதியானது.

'சோம்பேறி' என்று திட்டு வாங்கிய பிள்ளைகளிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

பெரியவர்களிடமும் இது தெரிகிறது. அளவு ஏறும் நாள்களில் எரிச்சல், பதற்றம், மனச்சோர்வு, நினைவு தப்புவது. சின்ன வயதில் கண்டுபிடிக்கப்படாமல் வளர்ந்தவர்களுக்குக்கூட, தாமதமாக உணவை மாற்றினால் புத்திசாலித்தனம் திரும்பாவிட்டாலும் ஆக்ரோஷமும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் குறைவது உண்டு. பராமரிக்கும் குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதல்.

நம்மூர்ச் சமையலறையில் இது எப்படி?

அசைவம், முட்டை, பால், தயிர், பனீர் எதுவும் கூடாது. பருப்பு கூடாது என்றால் சாம்பார் இல்லை. உளுந்து கூடாது என்றால் இட்லி, தோசை, வடை இல்லை. நிலக்கடலை, முந்திரி, கொண்டைக்கடலைச் சுண்டல் இல்லை. சாதமும் கோதுமையும் இஷ்டத்துக்கு அல்ல, கிராம் கணக்கில். மிச்சமிருப்பது பெரும்பாலான காய்கள், பழங்கள், ஜவ்வரிசி, கூவைக்கிழங்கு மாவு, சர்க்கரை, எண்ணெய், நெய். புரதத்துக்காக, ஃபீனைல்அலனின் நீக்கிய அமினோ அமிலப் பவுடரைக் கரைத்துத் தினமும் குடிக்க வேண்டும். அதன் வாடை வீடு முழுக்க வரும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை, இந்தப் பவுடரோடு அளந்து கொடுக்கலாம்.

குழந்தையாக இருக்கும்வரை சமாளித்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் பக்கத்து டிபன் பாக்ஸில் முட்டை வாசம் அடிக்கும் வயதில்தான் போராட்டம் தொடங்கும். பிறந்தநாள் கேக், கோயில் பிரசாதச் சுண்டல், கல்யாணப் பந்தி எல்லாமே பரீட்சை. 'ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?' என்று அன்போடு ஊட்ட வரும் உறவினர்களைத் தடுப்பதும் அம்மாவின் வேலைதான். ஒரு வாயில் உயிர் போய்விடாது. தினமும் ஒரு வாய் என்றானால் படிப்பில் தெரியும்.

சிலருக்கு சாப்ரொப்டெரின் என்ற மாத்திரை ஓரளவு உதவுகிறது. பெரியவர்களுக்கு பெக்வாலியேஸ் என்ற ஊசி 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரண்டுமே விலை அதிகம். இந்தியாவின் 2021-ம் ஆண்டு அரிய நோய்கள் கொள்கையில், சிறப்பு உணவால் சமாளிக்கக்கூடிய நோய்களின் வரிசையில் பி.கே.யு. இடம்பெற்றிருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட உயர்சிறப்பு மையங்கள் வழியாக அரிய நோய் உள்ளவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற வழி உண்டு. அதற்கு முதலில் நோய் இருப்பது தெரிய வேண்டும்!

அத்தை மகன், மாமன் மகள்

பி.கே.யு. வர, பழுதான மரபணு இரண்டு பக்கமிருந்தும் வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் நோய் வராது, சுமப்பவர் என்று பெயர். சுமப்பவர் இருவர் திருமணம் செய்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு முறையும் சீட்டைப் புதிதாகக் குலுக்கிப் போடுகிறார்கள்.

அத்தை மகனும் மாமன் மகளும் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாக வைத்திருப்பார்கள். தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் நான்கில் ஒரு பங்கு. சொத்து வெளியே போகாது என்று செய்த கல்யாணத்தில், பழுதான மரபணுவும் வெளியே போவதில்லை. சொந்தத்தில் திருமணம் செய்த எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. பெரும்பாலான தம்பதிகளுக்கு நல்ல குழந்தைகள்தான் பிறக்கின்றன. ஆனால் இப்படி இரண்டு பக்கமும் வந்தால் மட்டுமே வெளிப்படும் நோய்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. சொந்தத்தில் மணந்தவர்களும், குடும்பத்தில் காரணம் தெரியாமல் இறந்த அல்லது வளர்ச்சி குன்றிய குழந்தை உள்ளவர்களும் கர்ப்பத்துக்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது.

மேற்கு நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் பி.கே.யு. குறைவாகவே தென்படுகிறது. அப்படியென்றால் குதிகால் சோதனை நமக்கு எதற்கு? அதே துளி ரத்தத்தில் தெரியக்கூடிய இன்னொரு குறை இங்கே ஏராளம். பிறவியிலேயே தைராய்டு சுரக்காமல் போவது. ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒருவருக்கு உண்டு. இதிலும் குழந்தை பார்க்க நன்றாக இருக்கும், அதிகம் தூங்கும், அழாது. 'சமர்த்துக் குழந்தை' என்று பெயர் வாங்கும். முதல் இரண்டு வாரங்களுக்குள் தைராக்சின் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கத் தொடங்கினால் மூளை வளர்ச்சி இயல்பாக இருக்கும். மாதக்கணக்கில் தள்ளிப்போனால் மந்தம் நிரந்தரம். அந்த மாத்திரையின் விலை ஒரு நாளைக்கு ஒரு டீக்குக் கொடுப்பதைவிடக் குறைவு.

நாடு முழுவதும் எல்லாப் பிரசவ ஆஸ்பத்திரிகளிலும் இந்தச் சோதனை தானாக நடப்பதில்லை. சில மாநிலங்களில் அரசு மருத்துவமனையிலேயே செய்கிறார்கள், பல இடங்களில் கேட்டால்தான் செய்வார்கள். பிறந்து 48 மணி நேரம் ஆன பிறகு, குழந்தை நன்றாகப் பால் குடித்திருக்கும் நிலையில் எடுப்பது சரி. சுகப்பிரசவம் ஆகி மறுநாளே வீட்டுக்குப் போகிறவர்கள், மூன்றாம் நாள் குழந்தையைக் கூட்டிவந்து எடுக்க முடியுமா என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பரிசோதனை முடிவை யார் சொல்வார்கள், எத்தனை நாளில் என்பதையும் கேட்க வேண்டும். ரத்தம் எடுத்துவிட்டு முடிவைத் தேடாமல் விட்டால் எடுக்காததற்குச் சமம்.

அடுத்த தலைமுறை

1960-களில் குதிகால் குத்தப்பட்ட முதல் பெண் குழந்தைகள் வளர்ந்து, கல்யாணமாகி, தாங்களும் தாயானார்கள். அப்போது யாரும் எதிர்பார்க்காத ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. சிறு வயதிலேயே உணவுக் கட்டுப்பாட்டை விட்டுவிட்ட அந்தப் பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளுக்கு பி.கே.யு. இல்லை. ஆனாலும் தலை சிறுத்து, வளர்ச்சி குன்றி, சிலர் இதயக் கோளாறோடும் பிறந்தார்கள். தாயின் ரத்தத்தில் ஏறியிருந்த ஃபீனைல்அலனின், கருவில் இருந்த ஆரோக்கியமான மூளையை நனைத்துவிட்டது. 1980-ல் ஐநூறுக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை ஆராய்ந்தார்கள். தாயின் அளவு 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தபோது பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மனவளர்ச்சி பாதித்திருந்தது.

அதற்கும் அதே பதில்தான் பலித்தது. கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே தராசையும் பவுடரையும் திரும்ப எடுத்து, அளவை 6-க்குக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். வாந்தியும் மசக்கையும் படுத்தும் மாதங்களில் அந்த வாடையடிக்கும் பவுடரைக் குடித்து முடிப்பது லேசான காரியமில்லை. வாரம் ஒரு முறையோ, அதற்கு மேலோ விரலில் குத்தி, காகிதத்தில் ஒற்றி அனுப்புகிறார்கள். அளவு ஏறினால் அன்றைக்கே சாதத்தில் சில கிராம் குறையும், இறங்கினால் சில கிராம் கூடும்.

பத்தாம் மாதம் குழந்தை பிறக்கிறது. இரண்டாம் நாள் செவிலியர் வந்து, அந்தக் குழந்தையின் குதிகாலையும் துடைத்து, ஒரு குத்துக் குத்தி, காகிதத்தில் ஒற்றி எடுத்துப் போகிறார்.